கொள்கைசார் நிச்சயமின்மை: சொல்லும் அளவும்

வரி, வட்டி போன்றவற்றில் அரசு என்ன முடிவெடுக்கும் என்று தெரியாத நிலையை ஆங்கிலத்தில் 'பாலிசி அன்சர்ட்டன்ட்டி' என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது, எப்படி அளப்பது? 'அன்சர்ட்டன்ட்டி' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனின் 'செர்னெரெ'. சலித்துப் பிரித்தல் என்று பொருள். பிரித்துப் பார்த்துத் தெளிந்தது 'செர்ட்டஸ்'. நம் ஏகாரத்துக்கும் பிரிநிலை (பிரித்துக் காட்டுதல்), தேற்றம் (தெளிவு) என்ற இரு பொருளையும் தொல்காப்பியம் சொல்கிறது. எனவே 'தேற்றமின்மை' பொருத்தமான ஆக்கம்தான். ஆனால் தேற்றத்தைக் கணிதப் பாடநூல் எடுத்துக்கொண்டுவிட்டது. 'உறுதியின்மை' என்றால் கொள்கையே ஆட்டம் காண்பதாகப் படும். 'இடர்' வேறு: வாய்ப்பைக் கணக்கிட முடிந்தால் இடர், முடியாவிட்டால் நிச்சயமின்மை என்று 1921இல் பொருளாதார அறிஞர் ஃபிராங்க் நைட் பிரித்தார். வடசொல் கலந்தாலும் 'கொள்கைசார் நிச்சயமின்மை'யே தெளிவு.

இதை நாளிதழ்களைக் கொண்டு அளக்கும் முறையை பொருளாதார அறிஞர்கள் பேக்கர், புளூம், டேவிஸ் மூவரும் 2016 கட்டுரையில் விளக்கினர். பொருளாதாரம், நிச்சயமின்மை, கொள்கை ஆகிய மூன்று சொற்குழுவிலிருந்தும் ஒரு சொல்லாவது இருக்கும் செய்திகளை மட்டும் எண்ண வேண்டும். பிறகு அந்த இதழின் அம்மாத மொத்தச் செய்திகளால் வகுக்க வேண்டும். 4,000 செய்திகளில் 60 என்றால் 1.5 சதவீதம், 5,000இல் அதே 60 என்றால் 1.2 தான். வகுக்காமல் விட்டால் பக்கம் கூடியதெல்லாம் பதற்றம் கூடியதாகத் தெரியும். அடுத்து ஒவ்வோர் இதழின் வரிசையையும் அதன் திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவால்) வகுத்து, இதழ்களுக்கிடையே சராசரி கண்டு, அடிப்படைக் காலச் சராசரியை 100 ஆக்கினால் குறியீட்டெண் கிடைக்கும். இந்தியாவுக்கான வரிசை 7 ஆங்கில நாளிதழ்களை வைத்து 2003இலிருந்து தொடங்குகிறது.

மும்பைத் தமிழர் படிக்கும் தமிழ்ச் செய்திகளை இப்படி எண்ணப் புகுந்தால் விகுதிகள்தான் முதல் சிக்கல். 'நிச்சய' என்று தேடினால் நிச்சயதார்த்தமும் வரும், நேர் எதிரான 'நிச்சயமாக'வும் வரும். நிச்சயமின்மை, நிச்சயமற்ற, நிச்சயமில்லா என்று எதிர்மறை வடிவங்களைத் தனித்தனியே கொடுக்க வேண்டும். ரிசர்வ் வங்கி, ரிசர்வ் பேங்க், ஆர்பிஐ, ஆர்.பி.ஐ. நான்கையும் சேர்க்காவிட்டால் கொள்கைக் குழுவில் பல நழுவும்.

இதைவிடக் கடினமானது ஓகாரம். 'தாராவி தோல் கடைகளுக்கு ஜிஎஸ்டி கூடுமோ, குறையுமோ' என்று எழுதினால் அது முழு நிச்சயமின்மை. ஆனால் நிச்சயமின்மைப் பட்டியலில் உள்ள ஒரு சொல்லும் அதில் இல்லை. ஓகாரத்தில் முடியும் வினைகளையும் தேடலாம்தான், 'அல்லவோ', 'அன்றோ' எல்லாம் கூடவே வந்து குவியும். ஆகவே மாதத்துக்கு நூறு செய்தியையாவது இருவர் தனித்தனியே படித்துக் குறித்து, கணினியின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பட்டியலை இறுதியாக்க வேண்டும்.