ஆமணக்கை நட்டால் மட்டும் போதுமா?

"சார், காய்ப்புழுவை இழுக்க நீங்க சொன்ன மாதிரியே செண்டுமல்லி வெச்சாச்சு. இன்னும் தக்காளியில ஓட்டை விழுதே!" அலங்காநல்லூர், உசிலம்பட்டிப் பக்கம் அடிக்கடி கேட்கும் புகார் இது. போய்ப் பார்த்தால் தக்காளி பூத்துக் கிடக்கும், செண்டுமல்லி அப்போதுதான் மொட்டு கட்டிக்கொண்டிருக்கும். செடி சரிதான், நட்ட கணக்குதான் இடிக்கிறது.

காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குச் செண்டுமல்லியின் மொட்டும் பூவும் ரொம்பப் பிடிக்கும். தக்காளி பூக்கும்போது அதுவும் பூத்திருந்தால், முட்டையில் பெரும்பகுதி அங்கே போய்விடும். அதற்கு 45 நாள் வயதுள்ள செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் வயதுள்ள தக்காளி நாற்றையும் ஒரே சமயத்தில் நட வேண்டும். அதாவது, செண்டுமல்லி விதையை 20 நாள் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை. வேலியோரத்தில் மட்டும் வைத்தால் நடுக்காட்டுக்குப் பலன் எட்டாது. உயரமாக வளரும் ரகமாகப் பாருங்கள். பூவைப் பறித்து மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அனுப்பலாம், ஆயுதபூஜை சமயத்தில் அதுவே ஒரு வருமானம். புழு விழுந்த பூவை மட்டும் வரப்பில் வீசாமல் அழித்துவிடுங்கள்.

திருமங்கலம், பேரையூர் பருத்திக்காட்டிலும், கடலையிலும் இலையைத் தின்னும் புரோடீனியா புழுவுக்கு ஆமணக்கு வைக்கிறோம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆமணக்கு புழுவைக் கொல்லாது, கூப்பிட்டு உட்காரவைக்கும். அவ்வளவுதான். இலையின் அடியில் பழுப்பு நிற ரோமம் மூடிய முட்டைக் குவியல் இருக்கும். ஒரு குவியலில் சில நூறு முட்டைகள். மூன்று நான்கு நாளில் பொரித்து, குஞ்சுப்புழுக்கள் கூட்டமாக அதே இலையைச் சுரண்டும். பச்சையம் போய் இலை சல்லடை போலத் தெரியும். அந்த இலையைக் கிள்ளி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால் வேலை முடிந்தது. விட்டுவிட்டால் வளர்ந்த புழுக்கள் பிரிந்து பருத்திக்கு இறங்கும். நாமே பண்ணை வைத்து வளர்த்த மாதிரி ஆகிவிடும். வாரம் இரண்டு தடவை இலையைத் திருப்பிப் பார்க்க ஆள் இல்லையென்றால், ஆமணக்கு வைக்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

தட்டாம்பயறு கதை வேறு. ஓரத்தில் விதைத்தால் அதில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பும். பார்த்ததும் பதறி மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். அந்த அசுவினியைத் தின்னத்தான் பொறிவண்டு வந்து குஞ்சு பொரிக்கும், பிறகு பக்கத்துப் பருத்திக்கும் கடலைக்கும் பரவும். பொறிவண்டின் புழு கருப்பாக, முள்ளு முள்ளாக, பார்க்க அருவருப்பாக இருக்கும். அதைத் தீமை செய்யும் புழு என்று நசுக்குகிறவர்கள்தான் அதிகம்.

எல்லாவற்றுக்கும் பூச்செடி பதில் சொல்லாது. கத்தரியில் தண்டு துளைத்துக் காய்க்குள் போகும் புழுவுக்கு வாடிய குருத்தைக் கிள்ளி அழிப்பதும் பெண் பூச்சியின் வாசனை காட்டி ஆண் பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும்தான் கைகொடுக்கும். மண்ணுக்குள் இருந்து வேரில் முடிச்சு விழவைக்கும் வேர்முடிச்சு நூற்புழுவைச் செண்டுமல்லி வேர் அடக்கும் என்பது உண்மை. ஆனால் அது வேர் ஓடிய இடத்தில்தான். ஒரு வரிசை வைத்துவிட்டுக் காடு முழுக்கச் சுத்தமாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அப்புறம், மேலூர், வாடிப்பட்டி நெல்காரர்களுக்கு. வரப்பில் எள், உளுந்து, தட்டாம்பயறு போடுங்கள். நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியின் முட்டையைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் பூந்தேன் குடித்தால் கூடுதல் நாள் வாழும். தாய்லாந்து, சீனா, வியட்நாம் நெல்வயல் வரப்புகளில் தேன் தரும் பூச்செடி வைத்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வெளியானது: பூச்சிமருந்துத் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது, மகசூல் 5 சதவீதம் கூடியது. நடவோடு நடவாக விதையைத் தூவிவிடுங்கள். முக்கியமாக, அந்த வரப்பில் களைக்கொல்லி அடிக்காதீர்கள்.