போர்டு ஸ்கூல்னா எந்த போர்டு?

மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டை பக்கம் மெயின் ரோட்டுல பழைய பள்ளிக்கூட வாசல்ல கல்லுலயோ பலகைலயோ போர்டு ஹைஸ்கூல்னு எழுதியிருந்தா, இப்ப உள்ள பசங்க அத போர்டிங் ஸ்கூல்னு நெனச்சிக்கிறாங்க, அதாவது ஹாஸ்டல்ல தங்கி படிக்கிற எடம்னு. அது தப்புங்க. அது ஜில்லா போர்டு, அதாவது அந்தக் காலத்துல மாவட்ட அளவுல இருந்த உள்ளாட்சி அமைப்பு, நடத்துன ஸ்கூல்.

ஆனா ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். இங்கிலீஷ்ல போர்டுன்னா மொதல்ல மரப்பலகை, அப்புறம் பலகைல செஞ்ச சாப்பாட்டு மேசைக்கும் அதே பேரு, மேசைல போடுற சாப்பாட்டுக்கும் அதே பேரு, போர்டிங் வந்தது இந்த வழில. மேசைய சுத்தி உக்காந்து முடிவெடுக்குற ஆளுங்களையும் போர்டுன்னே சொன்னாங்க, நம்ம ஜில்லா போர்டு இந்த வழில வந்தது. ஜில்லாங்கறது அரபில பக்கம், விலாங்கற அர்த்தத்துல இருந்து உருது வழியா வந்த சொல்லு.

மெட்ராஸ் மாகாணத்துல 1884 சட்டப்படி ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, சில ஊருங்க சேந்த யூனியன்னு மூணு அடுக்கு இருந்துச்சு. தாலுகா போர்ட 1934ல எடுத்துட்டாங்க. நிலவரியோட சேத்து வசூல் பண்ணுன செஸ்ஸுங்கற கூடுதல் வரிதான் இதுக்கு முக்கியமான வருமானம், அதாவது வயல் வச்சிருந்த நம்ம ஊரு ஜனங்க கட்டுன காசு. ரோடு, ஆஸ்பத்திரி, ஸ்கூல் எல்லாம் அதுல ஓடுச்சு, தஞ்சாவூர் ஜில்லா போர்டு 1894ல மாயவரம் - முத்துப்பேட்டை ரயில் பாதையே சொந்தமா வச்சிருந்துச்சுன்னா பாத்துக்கங்க. சர் ஏ.டி. பன்னீர்செல்வம் போர்டு தலைவரா இருந்தப்பதான் திருவையாறு சமஸ்கிருதக் கல்லூரில தமிழும் படிக்கலாம்னு ஆச்சு. கலைஞர் சேந்ததும் திருவாரூர் போர்டு ஹைஸ்கூல்தான், எடம் குடுக்கலன்னா கமலாலயக் குளத்துல குதிச்சிடுவேன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட சொன்னதா அவரே எழுதியிருக்காரு. அதனால இந்த மாதிரி ஸ்கூல் வாசல்ல வெறுமன 'ஆங்கிலேயர் காலப் பள்ளி'ன்னு பலகை வைக்கிறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, வெள்ளைக்காரன் தானம் பண்ணுன மாதிரி ஆயிடுது.

சரி, தமிழ்ல என்னன்னு சொல்றது? பழைய ஆளுங்க சிலர் கழக உயர்நிலைப்பள்ளின்னு எழுதுவாங்க. நல்ல சொல்லுதான், ஆனா இன்னைக்கி கழகம்னா கட்சின்னுதான் மனசுல படும். அதுக்கும் முன்னாடி போனா திருக்குறள்ல சூது அதிகாரத்துல கழகம்னா சூதாடுற எடம், கூடுற எடம்ங்கற பொருள்தான் அப்புறம் நின்னுச்சு.

எனக்கு பொருத்தமா படுறது வாரியம். இது ஏதோ மின்சார வாரியத்துக்காக புதுசா செஞ்ச சொல்லு இல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுல, 919, 921 வருஷத்துலயே, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம்னு வருது, ஊர்ச்சபைல குடவோலை போட்டு, அதாவது பேரெழுதுன ஓலைங்கள குடத்துல போட்டு குலுக்கி எடுத்த ஆளுங்க ஒவ்வொரு வேலையா பாத்த குழு அது. ஊர்க்காசுல ஊர்வேலை பாக்குற குழுன்னா ஜில்லா போர்டுக்கு இதவிட நெருக்கமான சொல்லு எனக்கு தெரிஞ்சு இல்ல, அதுவும் சோழர் ஆட்சிலயே புழங்குன சொல்லு.

அதனால புதுசா பலகை வைக்கிறவங்க 'மாவட்ட வாரிய உயர்நிலைப்பள்ளி'ன்னு பெருசா போட்டுட்டு, கீழ 'ஜில்லா போர்டு ஹைஸ்கூல்'னு பழைய பேரையும் போடுங்க, பெரியவங்க அப்படி சொன்னாதான் அடையாளம் காட்டுவாங்க. பழைய கல்லு மேல சுண்ணாம்பு அடிச்சி எழுத்த மூடிடாதீங்க.

இன்னொண்ணு, கிராமத்துல பஞ்சாயத்து போர்டு ஸ்கூல்னு சொல்றாங்கல்ல, அது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளி, அந்த ஒன்றியம் ஜில்லா போர்டுக்கு அப்புறம் வந்த ஏற்பாடு, ரெண்டையும் ஒண்ணா சேத்துடக்கூடாது.