டாக்சின் பைண்டர்: முறிக்காது, புடிச்சு வைக்கும்

நாமக்கல் பக்கம் கோழித்தீவனம் அரைக்கிற எடத்துல "பைண்டர் போட்டாச்சா"ன்னு கேட்பாங்க பாருங்க, அதுக்கு முழுப்பேரு டாக்சின் பைண்டர், தீவனத்துல இருக்கிற பூஞ்சை விஷத்தைப் புடிச்சு வைக்கக் கலக்குற பொருளு. இதைப் போய் தமிழ்ல விஷமுறிவு மருந்துன்னு சொல்றாங்க, அது தப்பு, ஏன்னா அது விஷத்தை முறிக்கிறதே இல்ல. இதுக்கும் இதோட நானோ ரகத்துக்கும் சரியான தமிழ்ப்பேரு தேடிப் பார்ப்போம்.

மொதல்ல டாக்சின். கிரேக்கத்துல டாக்சான்னா வில்லு, அம்புல தடவுற விஷம் டாக்சிகான். பூஞ்சைக்கு அவங்க சொல்ற மைக்கோவை முன்னாடி ஒட்டுனா மைக்கோடாக்சின், நமக்கு பூஞ்சை நச்சு, பூசண நச்சுன்னும் எழுதலாம். 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழி செத்துச்சு, காரணம் தேடிப் போனா பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு, அதுல இருந்த அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்ங்கிற பூஞ்சை பேரைச் சுருக்கித்தான் அஃப்ளாடாக்சின்னு வெச்சாங்க.

அடுத்தது நானோ. கிரேக்கத்துல நானோஸ்னா குள்ளன். மீட்டரை நூறு கோடியா பங்கு போட்டா அதுல ஒண்ணு நானோமீட்டர். மைக்ரோவுக்கு நுண் இருக்கிறதால நானோவுக்கு மீநுண், நல்லா பொருந்துது.

இப்போ பைண்டர். பென்டோனைட்னு ஒரு களிமண்ணு, அதுக்குள்ள தகடு தகடா சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும், ஒரு தகடு தடிமன் சுமார் 1 நானோமீட்டர்தான். அஃப்ளாடாக்சின் மூலக்கூறு தட்டையா இருக்கிறதால குடல்ல அந்த இடுக்குல போய் மாட்டிக்கிட்டு எச்சத்தோட வெளிய போயிரும் (பேருல நானோ இல்லாமலே இது நானோ வேலைதான்!). ஆனா ஜியராலினோன் மாதிரி நச்சுங்களை வெறும் களிமண்ணு சரியா புடிக்காது, அதுக்குத்தான் பக்குவப்படுத்துன மீநுண் களிமண், கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டுல இருந்து எடுக்கிறது), கிராஃபீன் ஆக்சைடு (ரொம்ப மெல்லிசான கரித்தகடு)ன்னு லேப்ல போட்டுப் பாக்குறாங்க. அதுல ஒரு சிக்கலும் இருக்கு, துகள் ரொம்பப் பொடிசா போனா அதுவே குடலைத் தாண்டி ஒடம்புக்குள்ள போயிருமோன்னு பயம், சாணியோட வெளிய போகவேண்டிய சாமான் உள்ள தங்குனா என்னத்துக்கு அது?

தமிழ்ப்பேரா நச்சுப்பற்றின்னு வெச்சுப் பார்த்தேன், நச்சைப் பற்றி ஏதோ கட்டுரை மாதிரி இருந்துச்சு, விட்டுட்டேன். நச்சுப்பிணைப்பி சரியா இருக்கு, நானோ ரகம்னா மீநுண் நச்சுப்பிணைப்பி.

முறிவுன்னு சொன்னா பூசணம் பூத்த புண்ணாக்கையும் பைண்டர் போட்டு மாட்டுக்கு வெச்சிரலாம்னு தோணிரும். புடிபடாம தப்பிச்ச அஃப்ளாடாக்சின் பி1ங்கிற வகை மாட்டோட ஈரல்ல எம்1ங்கிற இன்னொரு வகையா மாறி பால்ல எறங்கும், நம்ம வீட்டுல பால் காய்ச்சுற சூட்டுக்கெல்லாம் அது போகாது.