மாதம் 30 டாலர், அதில் 25 வீட்டுக்கு: அமெரிக்காவின் சி.சி.சி. திட்டம்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1933-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதிபரானபோது, உழைக்கக்கூடிய அமெரிக்கர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. பள்ளி முடித்த பையன்கள் வீட்டுக்குப் பாரமாக இருக்க வேண்டாமென்று சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள்.

‘நியூ டீல்’ என்ற பெயரில் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த திட்டங்கள் பல. வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு, முதியோர் ஓய்வூதியம் போன்றவை இன்றும் இருக்கின்றன. வேலையில்லாத இளைஞர்களை முகாம்களில் தங்கவைத்து இயற்கைப் பாதுகாப்பு வேலை கொடுத்து, பின்னர் மூடப்பட்டுவிட்ட சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ், சுருக்கமாக சி.சி.சி., எப்படி நடந்தது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

அதற்கான சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது 1933 மார்ச் 31. ஏப்ரல் 7-இல் முதல் ஆள் சேர்ந்தாயிற்று. ஏப்ரல் 17-இல் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு தேசியக் காட்டில் முதல் முகாம். ஜூலைக்குள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் முகாம்களில் இருந்தார்கள். அரசு வேலை இந்த வேகத்தில் நடந்தது என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டம்தான். புதுத் துறை எதையும் அவர்கள் கட்டி எழுப்பவில்லை. ஆள் பொறுக்கியது தொழிலாளர் துறை, சாப்பாடும் தங்குமிடமும் ராணுவம், வேலை கொடுத்தது வேளாண்மைத் துறையும் உள்துறையும் (அங்கே தேசியப் பூங்காக்களைக் கவனிப்பது உள்துறை).

யார் சேரலாம்? தொடக்கத்தில் 18 முதல் 25 வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத, வேலையில்லாத ஆண்கள். பெரும்பாலும் நிவாரணம் வாங்கும் குடும்பத்துப் பிள்ளைகள். பின்னாளில் வயது வரம்பைத் தளர்த்தினார்கள். முன்னாள் ராணுவத்தினருக்கும் பூர்வகுடியினருக்கும் தனி ஏற்பாடு இருந்தது. ஒருமுறை சேர்ந்தால் ஆறு மாதம்; அப்புறம் நீட்டித்துக்கொள்ளலாம்.

சம்பளம் மாதம் 30 டாலர். இதில்தான் விஷயமே இருக்கிறது: 25 டாலர் வரை நேராக வீட்டுக்குப் போய்விடும், பையன் கையில் மிஞ்சுவது ஐந்து டாலர்தான். சோறு, துணி, படுக்கை, மருத்துவம் எல்லாம் முகாமிலேயே கிடைப்பதால் அந்த ஐந்து டாலர் சிகரெட்டுக்கும் சனிக்கிழமை சினிமாவுக்கும் போதும். ஊரில் அம்மா அந்த 25 டாலரில் மளிகைக் கடனை அடைப்பார். ஒரு பையனுக்குக் கொடுத்த வேலை ஒரு குடும்பத்தின் அடுப்பையும், அந்த ஊர்க் கடைக்காரரின் கல்லாவையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டது.

நாளுக்கு ஒரு டாலர் என்றால் எல்லோருடைய கூலியும் இறங்கிவிடும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ரூஸ்வெல்ட் தொழிற்சங்கத் தலைவரான ராபர்ட் ஃபெக்னரையே திட்டத்தின் இயக்குநராக்கினார். சாமர்த்தியம்!

ஒரு முகாமில் சுமார் 200 பேர். வாரம் 40 மணி நேரம் மரம் நடுவது, காட்டுத்தீ அணைப்பது, மண் அரிப்பைத் தடுப்பது, பூங்காக்களில் பாதை போடுவது. ஒன்பது ஆண்டுகளில் நட்ட மரங்கள் சுமார் 300 கோடி. டென்வர் அருகே பாறைகளுக்கு நடுவே இருக்கும் ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கும் இவர்கள் கட்டியதுதான். மாலையில் வகுப்புகள் நடந்தன. எழுதப் படிக்கத் தெரியாமல் வந்த 40,000 பேருக்கு மேல் முகாமில் எழுத்துக் கற்றார்கள்.

குறைகளும் சின்னவை அல்ல. இனப் பாகுபாடு கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. அந்த வரியைச் சேர்க்க வைத்தவர் அப்போது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்த ஒரே கருப்பின உறுப்பினரான ஆஸ்கர் டி பிரீஸ்ட். ஆனாலும் கருப்பின இளைஞர்களைப் பல இடங்களில் தனி முகாம்களில்தான் வைத்தார்கள். 1935-இல் ஃபெக்னர் அதை உத்தரவாகவே போட்டார். பெண்களுக்கு இதில் இடமே இல்லை. அதிபரின் மனைவி எலினார் முயன்று அவர்களுக்கென்று தனி முகாம்கள் தொடங்க வைத்தார். மொத்தம் பயன்பெற்றவர்கள் சுமார் 8,500 பேர். ஆண்கள் பக்கம் அந்த எண்ணிக்கை 30 லட்சத்தை நெருங்கியது.

உலகப்போர் வந்ததும் வேலையில்லாத இளைஞர்கள் குறைந்துபோனார்கள். 1942-இல் காங்கிரஸ் நிதியை நிறுத்தியது. காலியான சில முகாம்களில் போருக்குப் போக மனசாட்சி இடம்தராது என்று மறுத்தவர்களையும், வேறு சிலவற்றில் ஜெர்மானியப் போர்க்கைதிகளையும் தங்கவைத்தார்கள்.