கால்பந்துச் செலவு யார் கணக்கில்?

அமெரிக்காவில் தனியார் கல்லூரிகளின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் வேலை. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் ரேங்க், ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப் எல்லாம் விசாரிப்பார்கள். அந்தக் கல்லூரி கால்பந்துக்கு எவ்வளவு செலவழிக்கிறது, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் அபூர்வம். (கால்பந்து என்று நான் சொல்வது, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்தை.) இப்போது கேட்டாக வேண்டும்.

கல்லூரி விளையாட்டில் வரும் பணத்தில் பங்கு கேட்டு வீரர்கள் தொடுத்தது ஹவுஸ் வழக்கு. 2025 ஜூனில் அதன் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அந்த ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லைதான். ஆனால் மேல்மட்டத்தில் தாக்குப்பிடிக்க நினைப்பவர்கள் அந்த வரம்பை எட்டத்தான் பார்க்கிறார்கள்.

இந்தத் தொகையை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகமான ஒஹாயோ ஸ்டேட்டில் சுமார் 60,000 பேர் படிக்கிறார்கள். தலைக்கு 340 டாலர் வரும். தனியார் பல்கலைக்கழகமான வேக் ஃபாரஸ்டில் இளநிலை மாணவர்கள் சுமார் 5,500 பேர்தான். தலைக்கு 3,700 டாலர். ஒஹாயோவின் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம், வேக் ஃபாரஸ்டில் முப்பதாயிரத்துச் சொச்சம். டிக்கெட் விற்று இந்த இடைவெளியை அடைக்க முடியாது.

அதை அடைப்பது தொலைக்காட்சிப் பணம். பல்கலைக்கழகங்கள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகச் சேர்ந்து ஆடுகின்றன, தொலைக்காட்சி உரிமையையும் சேர்ந்தே விற்கின்றன. பெரிய கான்ஃபரன்ஸில் இடம் இருந்தால் சின்னப் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு வரும். தனியார் பல்கலைக்கழகமான வேண்டர்பில்ட், எஸ்இசி என்ற பெரிய கான்ஃபரன்ஸில் இருப்பதால்தான் அதன் வண்டி ஓடுகிறது. 2024-ல் பலம் வாய்ந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தியது, 2025-ல் பத்து வெற்றி பெற்றது. ஆகவே களத்தில் போட்டி போட முடியுமா என்றால், முடியும். ஆனால் அந்தப் பங்கு எப்போதும் சமமாகவே வரும் என்று நம்ப முடியாது. வேக் ஃபாரஸ்ட் இருக்கும் ஏசிசி கான்ஃபரன்ஸ் 2025-ல் செய்த ஏற்பாட்டின்படி தொலைக்காட்சி வருமானத்தில் 60 சதவீதம் எந்த அணியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்துப் பிரிகிறது. பழைய மாணவர் கூட்டம் சிறிதாக உள்ள தனியார் பல்கலைக்கழகத்துக்கு இது நல்ல செய்தி அல்ல.

இன்னொரு வழி நன்கொடையாளர்கள். டல்லாஸின் தனியார் பல்கலைக்கழகமான எஸ்எம்யூ 2024-ல் ஏசிசியில் நுழைவதற்காக ஒன்பது ஆண்டுகளுக்கு அந்தக் கான்ஃபரன்ஸின் தொலைக்காட்சிப் பணமே வேண்டாம் என்று ஒப்புக்கொண்டது. ஆதரவாளர்கள் ஒரே வாரத்தில் 100 மில்லியன் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். முதல் சீசனிலேயே தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் வரை போனார்கள். எண்ணெயிலும் ரியல் எஸ்டேட்டிலும் சம்பாதித்த பழைய மாணவர்கள் இருந்தால் இது நடக்கும். எல்லா ஊரும் டல்லாஸ் இல்லையே.

'எண்டோவ்மென்ட் (நன்கொடைகளைச் சேர்த்து முதலீடு செய்த நிதி) பில்லியன் கணக்கில் இருக்கிறதே, அதில் எடுக்க வேண்டியதுதானே' என்று கேட்பார்கள். பெரும்பாலும் எடுக்க முடியாது. வேதியியல் பேராசிரியர் பதவிக்கு, ஏழை மாணவர் உதவித்தொகைக்கு என்று கொடுத்தவர் எழுதி வைத்த பணத்தைப் பயிற்சியாளர் சம்பளத்துக்குத் திருப்பினால் அது சட்டப் பிரச்சினை.

டிவியும் இல்லை, கோடீஸ்வரர்களும் இல்லை என்றால்? மிச்சம் இருப்பது பல்கலைக்கழகத்தின் பொது நிதி. அதாவது, பெரும்பாலும் கல்விக் கட்டணம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விளையாட்டுக் கட்டணம் என்று கட்டணச் சீட்டில் தனியாக எழுதியிருக்கும், குறைந்தபட்சம் கண்ணில் படும். தனியாரில் அது மொத்தக் கட்டணத்துக்குள் கரைந்துவிடும். மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் சேர்ந்து, பிற கல்லூரிகளோடு ஆடும் அணிகளும் வைத்திருக்கும் இருபாலர் கல்லூரிகள் விளையாட்டு வரவுசெலவை மத்திய கல்வித் துறைக்குத் தர வேண்டும். அந்த அறிக்கைகள் பலவற்றில் வரவும் செலவும் ஒரு டாலர்கூடப் பிசகாமல் சமமாக இருக்கும். அதைப் பார்த்து நஷ்டமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பல்கலைக்கழகம் போட்ட மானியத்தையும் வரவில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கால்பந்தால் எவ்வளவு இழப்பு என்று ஒரு கல்லூரியின் மூன்று அதிகாரிகளைக் கேட்டால் மூன்று பதில் வரும். நிதி அதிகாரி ஸ்காலர்ஷிப்புகளை முழுக் கட்டணத்தில் கணக்கிடுவார். அந்த இருக்கைகள் காலியாகத்தானே கிடந்திருக்கும், அது காகிதச் செலவு என்பார் விளையாட்டு இயக்குநர். கால்பந்து ஆட நூறு பையன்கள் வந்ததால்தான் சேர்க்கை எண்ணிக்கை நின்றது என்பார் அட்மிஷன்காரர். மூவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. இருக்கைக்கு அடிதடி நடக்கும் இடத்தில் ஸ்காலர்ஷிப் உண்மையான செலவு. ஆள் கிடைக்காத இடத்தில் பாதி காகிதம்தான். பணம் வங்கியிலிருந்து போகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கல்லூரி விளையாட்டில் மேல்மட்டம் டிவிஷன் ஒன்று, கீழ்மட்டம் டிவிஷன் மூன்று. அட்மிஷன்காரரின் வாதம் டிவிஷன் மூன்றில்தான் அதிகம் கேட்கும். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. வீரரும் கட்டணம் கட்டித்தான் படிக்கிறார். பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி டிவிஷன் ஒன்றிலிருந்து இறங்கி, 2007-ல் கால்பந்தை மீண்டும் தொடங்கியது. 2024 மே 31 அன்று கல்லூரியே மூடப்பட்டது. கால்பந்தால் மூடினார்கள் என்று சொன்னால் அநியாயம். கட்டடக் கடனும் கரைந்துபோன நிதியும்தான் அதற்குக் காரணம். ஆனால் கால்பந்து வந்து காப்பாற்றவும் இல்லை. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ், 2025 மார்ச்சில் ஆண்கள் கூடைப்பந்து அணி தேசியத் தொடரில் ஆடி முடித்த சில நாட்களிலேயே, டிவிஷன் மூன்றுக்கு இறங்குவதாக அறிவித்தது. பலர் அழுதார்கள். எனக்கு அது நிதானமான முடிவாகவே பட்டது.

கல்லூரியைத் தேர்வு செய்யும் முன் கொஞ்சம் மெனக்கெட்டால் நீங்களே பார்க்கலாம். லாப நோக்கற்ற கல்லூரிகள் பெரும்பாலும் வருமான வரித் துறைக்குத் தரும் 990 படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதிகச் சம்பளம் வாங்குபவர்கள் பட்டியலில் கல்லூரித் தலைவருக்கு மேலே பயிற்சியாளர் இருக்கிறாரா என்று பாருங்கள். தனியார் கல்லூரிகளின் நிதி நலத்துக்குக் கல்வித் துறை -1 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறது, 1.5-க்குக் கீழே இருந்தால் கவனம் தேவை. கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது, பொது நிதியிலிருந்து விளையாட்டுக்கு ஆண்டுக்கு எவ்வளவு போகிறது என்று நேரடியாகக் கேளுங்கள். வழிகாட்டியாக வரும் மாணவருக்குத் தெரியாது, பாவம். நிதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று ஆண்டு எண்களைச் சேர்த்துக் கேளுங்கள், ஒரு வருட எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.