பழைய புல்லட்டில் வெடிச்சத்தம்: கார்பரேட்டரில் கை வைக்கும் முன்

பாயின்ட் (மின்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் சிறு சுவிட்ச்) வைத்த பழைய 350 சிசி புல்லட் ‘டப் டப்’ என்று வெடிக்கிறதென்று பட்டறைக்கு வருகிறவர்களில் பலர், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்பரேட்டரில், காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவைத் தாங்களே பலமுறை திருகிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால் முதலில் இருந்த கோளாறோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. வெடி எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்ற இரண்டையும் உரிமையாளர் கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

சைலன்சரில் கேட்கும் வெடியும் கார்பரேட்டர் வழியே திரும்பும் வெடியும் வெவ்வேறானவை. முன்னதில், சிலிண்டருக்குள் எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவி, சூடான சைலன்சருக்குள் காற்றோடு கலந்து பற்றிக்கொள்கிறது. பின்னதில், கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு சரியாக மூடாததாலோ, பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரிந்து அடுத்த முறை வால்வு திறக்கும்வரை அணையாமல் நீடிப்பதாலோ, தீ வந்த வழியே திரும்புகிறது. இந்த இரண்டாவது வகையை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. கார்பரேட்டரில் பெட்ரோல் ஒழுகலும் சேர்ந்திருந்தால் வண்டி தீப்பிடிக்கும் என்பதால், ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

சோதனையை எப்போதும் மின்பொறியிலிருந்தே தொடங்குவது என் முறை; கார்பரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கு மருந்து பாயின்ட்டில்தான் இருக்கிறது. பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பாயின்ட்டைத் திறந்து மூடும் சுழல் மேடான கேமில் உரசும் பகுதி தேயத் தேய இடைவெளி குறைந்து, பொறி தாமதமாக விழுகிறது. அப்போது எரிதல் முடியுமுன் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுவதால், எஞ்சினின் தலைப்பகுதி அளவுக்கு மீறிச் சூடாகி, சைலன்சரும் வெடிக்கத் தொடங்குகிறது. டைமிங் (பொறி விழும் நேரம்) பார்க்கும்போது, வேகம் கூடக் கூடப் பொறியை முன்கூட்டியே விழவைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் முழுவதும் பின்வாங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கையில் பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். சாவியைப் போட்டுவிட்டு, மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்பும் கணத்தைப் பார்த்தால் அது துல்லியமாகத் தெரியும். குளிர்ந்த எஞ்சின் நன்றாக ஓடி, சூடானதும் வெடிக்கத் தொடங்குகிறதென்றால் பாயின்ட் முனைகளில் தீப்பொறி பறக்காமல் காக்கும் கண்டன்சரைச் சந்தேகிக்க வேண்டும்; பாயின்ட் முனைகளுக்கு நடுவே பெரிய தீப்பொறி பறப்பதும், முனைகள் குழிவிழுந்து கருகியிருப்பதும் அதற்கு நல்ல அடையாளங்கள். ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் முன்னே சென்று சிக்கிக்கொண்டால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலை முறித்துவிடக்கூடும் என்பதால், அப்படிக் கிக்கர் திருப்பி அடிக்கும் வண்டியைத் தொடர்ந்து உதைத்துப் பார்ப்பது மிகவும் தவறு.

ஆக்ஸிலேட்டரை விட்டதும் மட்டும் சைலன்சர் வெடித்தால், புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் பெண்ட் பைப் எஞ்சின் தலையில் நுழையும் இடத்தைப் பாருங்கள். கரிக்கோடு தெரிந்தால் அங்கே வெளிக்காற்று உள்ளே போகிறது. கிக்கரை எளிதாக உதைக்கச் சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்பிரசர் வால்வு சரியாக அமராவிட்டாலும் எரியாத கலவை நேரே எக்ஸாஸ்டுக்குக் கசிந்து இதே சத்தம் வரும். கேபிள் இறுக்கமாக இருப்பதே பல நேரங்களில் அதற்குக் காரணம். கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலான இணைப்பில் காற்றுக் கசிவைத் தேட, ஐடிலிங்கில் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓடும்போது) சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எஞ்சின் ஒலி மாறுகிறதா என்று கேட்டால் போதும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பது கொடிய ஆபத்து.

டாப்பெட்டை (வால்வுகளை இயக்கும் பாகங்களின் இடைவெளியை) எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகே பார்க்க வேண்டும். இரண்டு வால்வுகளும் மூடிய கம்ப்ரஷன் உச்சியில், வால்வைத் திறக்க உந்தும் தண்டான புஷ்ராட் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது.

ஓடும் வண்டியில் சாவியை அணைத்துப் போட்டு வேண்டுமென்றே வெடிக்க வைக்கும் இளைஞர்களிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொரு வெடியும் சைலன்சரின் உள்தட்டுகளைத் தளர்த்துகிறது. சாலையில் நடக்கும் முதியவரும் குழந்தையும் திடுக்கிட்டுத் தடுமாறுகிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், ஒலி வரம்பை மீறி வண்டி ஓட்டுவதற்கு முதல் முறையிலேயே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

மின்பொறி, காற்றுக் கசிவு, டாப்பெட் என மேலே சொன்ன அனைத்தும் சரியாக இருந்தும் வெடி நிற்காவிட்டால் மட்டுமே கார்பரேட்டருக்கு வர வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்றும், ஒரு கிலோ எத்தனால் எரிய ஏறத்தாழ 9 கிலோ காற்றும் வேண்டும். வெறும் பெட்ரோலுக்கென்று ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) பொருத்தப்பட்ட பழைய கார்பரேட்டரில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றினால், தேவையைவிடக் காற்று கூடிய கலவையே எஞ்சினுக்குக் கிடைக்கும். பழைய ரப்பர் பாகங்களும் கெடும். மிக்கார்ப் வகைக் கார்பரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் காற்று குறையும் என்பதை நினைவில் வைத்து, கால் சுற்றாகத் திருகிக் கவனியுங்கள். முழுதாக உள்ளே போன பிறகுதான் ஐடிலிங் சீராகிறதென்றால், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் அடைத்திருக்கிறதா என்று சுத்தம் செய்து பார்த்துவிட்டு, அதன் பிறகும் மாற்றமில்லையென்றால் ஓர் அளவு பெரிய ஜெட்டைப் போட வேண்டும். அதற்கும் அடங்காத வெடி, கிக்கரில் கம்ப்ரஷனும் குறைவாக இருந்தால், வால்வு இருக்கை தேய்ந்ததைக் காட்டுகிறது. எஞ்சின் தலையைக் கழற்றி வால்வுகளைப் பார்க்காமல் அதற்கு வேறு வழியில்லை.