தோட்டத்துக் கேமரா யார் நம்பரில் இருக்கிறது?

"ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கேமரா ஆஃப்லைன் ஆயிடுதுங்க, காலையில பார்த்தா தானா ஓடுது." தோப்பில் சிம் கேமரா (சிம் கார்டு டேட்டாவில் ஓடும் கேமரா) போட்டவர்களிடமிருந்து, கேமரா மாட்டும் தொழிலில் இருக்கும் எனக்கு அடிக்கடி வரும் புகார் இது. பெரும்பாலும் கேமராவில் கோளாறு எதுவும் இருக்காது. அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும்; 12 மணிக்கு அடுத்த நாள் கணக்கு தொடங்கியதும் கேமராவுக்கு உயிர் வந்துவிடும்.

தெளிவான படத்தில் நேரலை பார்த்தால், விநாடிக்கு 2 மெகாபிட் என்று குறைவாகவே வைத்தாலும் மணிக்கு 900 எம்பி போகும். 2 ஜிபி பேக் இரண்டேகால் மணி நேரத்தில் காலி. அப்புறம் வேகம் 64 கேபிபிஎஸ். அதில் படம் நகராது. காங்கேயம் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில் அப்பா, மகன், மருமகள் என்று மூன்று போனில் ஆப் இருந்தது. பெரும்பாலான கேமராக்களில் ஒவ்வொரு போனும் தனித்தனியாக டேட்டா இழுக்கும். அங்கே நான் செய்தது ஒன்றே ஒன்று: ஆப்பில் நேரலை எச்டி (தெளிவான படம்) என்றிருந்ததை எஸ்டிக்கு (தெளிவு குறைந்த படம்) மாற்றினேன். மெமரி கார்டில் பதிவாவது தெளிவான படம்தான், அதற்கு சிம் டேட்டா செலவே ஆகாது. இது தெரியாமல் பெரிய பேக் போடுகிறவர்கள் நிறைய.

டேட்டாவைத் தின்பதில் சிலந்திக்கும் பங்கு உண்டு. இரவில் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், லென்ஸுக்கு நேரே வலை பின்னும். காற்றில் வலை ஆடும்போதெல்லாம் "யாரோ நடமாட்டம்" என்று போனுக்குப் படம் போகும். இரண்டு நாள் எழுந்து பார்த்துவிட்டு மூன்றாம் நாள் அலர்ட்டையே நிறுத்திவிடுவார்கள். மோட்டார் கேபிள் அறுக்க வருகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? மனிதர்களை மட்டும் கண்டறியும் வசதியைப் போட்டுவிட்டு, வாரம் ஒருமுறை கம்பில் துணி கட்டித் துடைத்தாலே தொல்லை பெரிதும் குறையும். கேமரா வைக்கும் இடத்தில் ஸ்பீடு டெஸ்ட் போடும்போது அப்லோடு எண்ணைப் பாருங்கள். படம் தோட்டத்திலிருந்து வெளியே போக வேண்டும். டவுன்லோடு எவ்வளவு வந்தாலும் அதற்கு உதவாது.

டேட்டாவைவிட எனக்குக் கவலை தருவது வேறு. சாதாரண சிம்மில் வெளியிலிருந்து நேரடியாகத் தொடர்புகொள்ளும் பொது ஐபி முகவரி பொதுவாகக் கிடைக்காது. அதனால் கேமராவே தயாரிப்பாளரின் சர்வரைக் கூப்பிட்டு இணைப்பில் இருக்கும். உங்கள் போன் அந்த சர்வர் வழியாகத்தான் கேமராவைக் கண்டுபிடிக்கும். அந்த சர்வரில் எந்த போன் நம்பரில் கேமரா பதிவாகியிருக்கிறதோ, அவர்தான் அதற்கு முதலாளி. மாட்ட வந்த பையன் அவசரத்துக்குத் தன் நம்பரில் பதிவு செய்து, உங்களுக்கு 'ஷேர்' (பார்க்கும் அனுமதி) மட்டும் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் தொழிலில் சர்வசாதாரணம். அவர் வேலை மாறிய பிறகும் உங்கள் களத்தை அவரால் பார்க்க முடியும். ஆப்பைத் திறந்து "உரிமையாளர்" என்று யார் இருக்கிறார் என்று பாருங்கள். நீங்கள் இல்லையென்றால், அவர் கணக்கிலிருந்து கேமராவை நீக்கும்படி அவரிடமே சொல்லி, உங்கள் நம்பரில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமரா மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். பல மாடல்களில் சேர்ப்பதற்கான குறியீடும் அதில்தான் இருக்கும். பாஸ்வேர்டை 'அட்மின் 12345' என்றே விட்டுவைக்காதீர்கள். 2016இல் உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் (கேமராப் பதிவுப் பெட்டிகள்) பிடித்து 'மிராய்' என்ற தீங்கு நிரல் உண்டாக்கிய ரகளைக்கு மாற்றப்படாத பாஸ்வேர்டுகள்தான் வழிவிட்டன.

கேமராவைத் திருப்பும்போது மோட்டார் ரூம் தொட்டியைக் கவனியுங்கள். வேலைக்கு வரும் பெண்கள் அங்கே குளிப்பார்கள், துணி மாற்றுவார்கள். அதைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் குற்றம். கேபிள் திருட்டுக்காகத்தான் வைத்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைக்காதீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டியும் கதவும் தெரிந்தால் போதும். தொட்டி விழும் பகுதியை ஆப்பில் உள்ள 'பிரைவசி மாஸ்க்' கொண்டு கறுப்பாக மறைத்துவிடலாம்.